மதாம் வீட்டு வடகம்

ஜன்னல் பக்கம் நீயே உட்காரும்மா. எனக்குக் காத்து பட்டா காது குத்தும். நீன்னு பேசறேன்னு கோச்சுக்காத, என் பொண்ணு வயசுதான் இருக்கும் உனக்கு. சிதம்பரமா? சரி, அதுவரைக்கும் பேச்சுத் துணை ஆச்சு.

நான் வேளாங்கண்ணிக்குப் போறேன். வேண்டுதல் எல்லாம் ஒண்ணுமில்ல. பாவசங்கீர்த்தனம் பண்ணப் போறேன். உங்கள்ல அது கிடையாதில்ல, செஞ்ச பாவத்தைச் சாமியார் காதுல சொல்லி மன்னிப்பு வாங்கறது. சின்ன வயசுலேயே பழகிட்டா ஒண்ணும் கஷ்டமில்ல, பல்லு தேய்க்கிற மாதிரிதான்.

பாண்டிச்சேரியில கோயில் இல்லையா, இதுக்கா இவ்ளோ தூரம்னு பார்க்கிற. தெருவுக்குத் தெரு இருக்கு. எங்க பங்குக் கோயில் என் வீட்டுல இருந்து கூப்பிடு தூரம். ஆனா எங்க சாமியார்கிட்ட நான் இதைச் சொல்ல முடியாது. ஏன்னா அன்னிக்கு அவருக்கும் வயித்தால போச்சு.

சிரிக்காத. சரி, சிரிச்சுக்கோ, தப்பில்ல. எல்லாரும் சிரிப்பாங்கன்னுதான் ஒரு வருஷமா வாயைத் திறக்காம இருக்கேன். உன்கிட்ட ஏன் சொல்றேன்னா, நீ யாரோ நான் யாரோ. இறங்கினா முடிஞ்சுது.

எனக்கு ஒரே பொண்ணு, நத்தாலி. அவங்கப்பா போனப்புறம் கான்வென்ட்டுல ஆயா வேலை பார்த்து நான் ஒண்டியா வளர்த்த பொண்ணு. யார்கிட்டயும் ஒரு ரூபா கைமாத்து வாங்கினதில்ல, ஒருத்தர் முன்னாடி தலைகுனிஞ்சதில்ல. பிலோமினான்னா நெல்லித்தோப்புல கேட்டுப் பாரு. அப்படி வளர்த்த பொண்ணு பேங்க் வேலைக்குப் போச்சு, கூட வேலை பார்த்த பையனையே கட்டிக்கிச்சு. பையன் ரெமி. கிரெயோல் வீட்டுப் பையன். உனக்குத் தெரியுமோ என்னமோ, வெள்ளைக்காரன் காலத்துல அவங்களும் நம்மளும் கலந்து வந்த குடும்பங்க. எங்கப்பா காலத்துல சட்டைக்காரங்கன்னு சொல்லுவாங்க, இப்ப அப்படிச் சொன்னா நத்தாலி என்னை அடிக்க வருவா.

பையன் தங்கமான பையன். அவங்கம்மா ஜெர்மேன் மதாம், அவங்களும் நல்லவங்கதான். நான் யாரையும் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா பீச் பக்கத்துல அந்தப் பெரிய வீட்டுக்குள்ள கால் வச்சாலே எனக்குக் கை எங்க வச்சுக்கறதுன்னு தெரியாது. அவங்களுக்குள்ள பிரெஞ்சுல பேசிப்பாங்க. என் பொண்ணும் இப்ப பேசறா. என்னைப் பார்த்ததும் எல்லாரும் தமிழுக்கு மாறுவாங்க. மரியாதைக்குத்தான் மாறுறாங்க, எனக்குத் தெரியுது. ஆனா மாறும்போது ஒரு நொடி அமைதியாகுது பாரு, அந்த ஒரு நொடி எனக்கு உடம்பெல்லாம் கூசும்.

அந்த வீட்டுல ஒரு வழக்கம். அவங்க வீட்டு வடகம் இருக்கே, அதை வதுவான்னு சொல்லுவாங்க. நம்ம வடகம்தான். அதே சின்ன வெங்காயம், அதே பூண்டு, வெந்தயம், சீரகம், கடுகு, கறிவேப்பிலை. என்ன, நாம உருண்டை பிடிச்சு எடுத்து வச்சுக்குவோம், அவங்க காஞ்சதை உதிர்த்து ஓவன்ல வச்சுச் செவக்க வறுத்து வச்சுக்குவாங்க. வீட்டுக்கு வந்த மருமக முதல் பிள்ளையோட ஞானஸ்நானத்துக்கு அந்த வருஷ வதுவானைத் தானே செய்யணும். அதைத் தடவி ஆட்டுத்தொடையைச் சுட்டு விருந்து வைக்கணும். வந்தவங்க சாப்பிட்டு நல்லாருக்குன்னுட்டா அன்னியோட மாமியார் அடுப்படிய விட்டுட்டு வந்துடுவாங்க. அப்புறம் சமையக்கட்டு மருமகளோடது. ஜெர்மேன் மதாமுக்கும் அப்படித்தான் கைமாறியிருக்கு, அவங்க மாமியாருக்கும் அப்படித்தான். பாரு, எவ்ளோ மரியாதையான வழக்கம்.

நத்தாலி அதுக்காகத் தவங்கெடந்தா. கல்யாணமாகி நாலு வருஷம், அந்த வீட்டுல ஒரு காப்பி போடறதுன்னாலும் கேட்டுட்டுத்தான் போடணும். யாரும் கொடுமைப்படுத்தல, கேட்டா உடனே சரின்னுதான் சொல்லுவாங்க. ஆனா கேட்கணும் இல்ல. பிள்ளை பொறந்ததும் என்கிட்ட போன்ல சொல்றா, அம்மா, இந்தச் சித்திரையில செஞ்சிடுவேன்மா, அப்புறம் நானும் அந்த வீட்டு மனுஷிம்மான்னு. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

பச்சை உடம்புக்காரி மாடி ஏறி இறங்கி வெயில்ல கிடக்க முடியுமா? மதாமுக்கும் முட்டி வலி, மாடி ஏற மாட்டாங்க. அதனால என்னைக் கூப்பிட்டாங்க. அளவெல்லாம் நத்தாலி கையால, இடிக்கிறது காய வைக்கிறது என் கையால. ஒரு வாரம் அங்கயே தங்கினேன். வெங்காயத்தை ஒண்ணுரெண்டா இடிச்சு, எல்லாத்தையும் பிசறி, பானையில மூடி வச்சு, மறுநாள் மொட்டை மாடியில பாய் விரிச்சுப் போட்டோம். சாயங்காலம் அள்ளி மறுபடி பிசைஞ்சு மூடணும். காலையில மறுபடி வெயில். நாத்தம்னு சொல்லுவாங்க, எனக்கு அது வாசனை. கையெல்லாம் வெங்காயம் ஊறி, ரெண்டு நாளைக்குச் சோத்துல கை வச்சாலும் அதுதான்.

ரெண்டாம் நாள் சாயங்காலம் கீழ வந்து கேட்டேன், மதாம், விளக்கெண்ணெய் எங்க இருக்குன்னு.

"விளக்கெண்ணெயா? வேண்டாம், பிலோமின்."

"கடைசியில போட்டுப் பிசையணுமே மதாம். இல்லைன்னா பூச்சி வச்சிடும்."

"எங்க வீட்ல போடறதில்ல."

அவ்ளோதான். ஏன்னு சொல்லல. சிரிச்ச முகமாத்தான் சொன்னாங்க. ஆனா கூட உட்கார்ந்திருந்த அவங்க அண்ணன், அல்பேர் மிசே, ஞானஸ்நானத்துக்குன்னு பிரான்சுல இருந்து வந்திருந்தவர், பிரெஞ்சுல என்னமோ சொன்னார். ரெண்டு பேரும் சிரிச்சாங்க. என்னைப் பத்தியே இல்லாமக்கூட இருக்கலாம். நத்தாலிகிட்ட கேட்டேன், என்னடி சொன்னாருன்னு. ஒண்ணுமில்லம்மா, மழை வருமான்னு கேட்டாருன்னா. மழை வருமான்னு கேட்டா யாராச்சும் சிரிப்பாங்களா?

நீயே சொல்லு, நம்ம ஊர்ல விளக்கெண்ணெய் படாத வடகத்தை வடகம்னு யாராச்சும் சொல்லுவாங்களா? என் வடகத்துல நாலு வருஷம் கழிச்சும் ஒரு பூச்சி வச்சதில்ல. இங்க என் பொண்ணோட வாழ்க்கை அந்தப் பாய் மேல காஞ்சுக்கிட்டு இருக்கு. நாளைக்குப் புழு வச்சுதுன்னா யாரைச் சொல்லுவாங்க? நத்தாலியைத்தான் சொல்லுவாங்க. அவ நல்லதுக்குத்தான் செஞ்சேன். கர்த்தர் மேல ஆணையா, அவ நல்லதுக்குத்தான்.

ஒரு எட்டு வீட்டுக்குப் போய் மாத்துத்துணி எடுத்துட்டு வர்ற மாதிரி போய், பாட்டிலை முந்தானையில சுருட்டி எடுத்துட்டு வந்தேன். மாடிக்கு யாரும் வர மாட்டாங்க. சாயங்காலம் பிசையறப்ப கொஞ்சம். மறுநாள் கொஞ்சம். பழக்கப்பட்ட கை, நிறுத்தவே மனசு வரல. கடல் காத்து ஈரம் வேற, கொஞ்சம் கூடவே இருக்கட்டும்னு தோணிச்சு. கடைசியில பாட்டில் காலி. தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி போட்டுட்டேன்.

எவ்ளோ அழகா வந்துச்சு தெரியுமா. நத்தாலி அதை வறுத்து எடுத்தப்ப மதாம் கையில அள்ளி வெளிச்சத்துல பார்த்தாங்க. "இந்த வருஷம் என்ன இப்படிப் பளபளன்னு இருக்கு?" அப்படின்னாங்க. நத்தாலி முகத்துல ஒரு சிரிப்பு. நான் அடுப்படி வாசல்ல நின்னுக்கிட்டு, என் கைடி அதுன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன். அந்த ஒரு நிமிஷம், பொய் சொல்ல மாட்டேன், அந்த வீட்டுலயே நான்தான் பெரிய மனுஷின்னு நெனைச்சேன்.

எங்க தப்பாச்சுன்னா, அவங்க அதை எப்படிப் போடுவாங்கன்னு நான் பார்த்ததில்ல. நாம வடகத்தை என்ன பண்ணுவோம், ஒரு குழம்புக்கு ஒரு கிள்ளு. காயற எண்ணெயில போட்டுத் தாளிச்சு இறக்கிடுவோம். அவங்க அள்ளி அள்ளிப் போடறாங்கம்மா. நத்தாலி வெண்ணெயில குழைச்சு ரெண்டு ஆட்டுத்தொடைக்கும் அப்பிட்டா. உருளைக்கிழங்குக்கு ஒரு கை. குழம்பு மாதிரி ஊத்திக்கிறதுக்கு ஒண்ணு வைப்பாங்க, அதுல ஒரு கை. நான் நடு ஹாலுல பிள்ளைய வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன், எனக்கு என்ன தெரியும்?

கோயில்ல ஞானஸ்நானம் நல்லா நடந்துச்சு. பிள்ளை அழவே இல்ல. எங்க பங்குச் சாமியாரைத்தான் நான் விரும்பிக் கூப்பிட்டிருந்தேன், அவங்க பங்குச் சாமியாரோட சேர்ந்து பூசை வச்சார். விருந்துக்கும் இருந்தார். ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். அவரா கேட்டு வாங்கினார்.

முதல்ல எழுந்தது அல்பேர் மிசே. பேச்சு நடுவுல எழுந்து போனவர் வரவே இல்ல. அப்புறம் மதாமோட நாத்தனார். அந்தப் பெரிய வீட்டுல ரூம் எத்தனை இருந்து என்ன, கக்கூசு ரெண்டுதான். சாமியார் கதவு முன்னாடி அங்கியத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாரு, பின்னாடி ஒரு பொம்பளை, சாமியாரை முந்தவும் முடியல, நிக்கவும் முடியல. யாரும் யார் முகத்தையும் பார்க்கல. மூணாவது ஆள் எழுந்தப்பவே எனக்குப் புரிஞ்சு போச்சு. நான் சாப்பிட்டிருக்கவே இல்ல, பிள்ளைய வச்சுக்கிட்டு இருந்தேனே.

நத்தாலி புடவையோட அடுப்படியில தரையில உட்கார்ந்துட்டா. அவளுக்கு வயித்துக்கு ஒண்ணுமில்ல, பரிமாறின ஜோருல ஒரு வாய்கூடச் சாப்பிடல. சும்மா உட்கார்ந்திருந்தா.

மறுநாள்தான் நடந்துச்சு. அல்பேர் மிசே அந்தக் காலத்துல மருந்துக்கடை வச்சிருந்தவராம். வதுவானை எடுத்து விரல்ல தேய்ச்சு மோந்து பார்த்துட்டு ஏதோ ஒரு பேரு சொன்னார். அதே நேரம் பாயச் சுருட்ட மாடிக்குப் போன ரெமி கையில பாட்டிலோட வந்தான். மேசை மேல வச்சான். யாரும் ஒண்ணும் பேசல. பிரெஞ்சுலகூடப் பேசல.

மதாம் என்னைத்தான் பார்த்தாங்க முதல்ல. சொல்லிடலாம்னு வாயெடுத்தேன்மா. நிஜமாத்தான். மடியில பிள்ளை இருந்துச்சு. அதுக்குள்ள நத்தாலி சொன்னா, மாமியாரை அவ மமான்னுதான் கூப்பிடுவா.

"அது என்னோடது, மமான். பாப்பா தலைக்குத் தேய்க்க வாங்கி வச்சிருந்தேன். கெட்டுப்போகக் கூடாதுன்னு நான்தான் ஊத்தினேன். அம்மாவுக்குத் தெரியாது."

மதாம் கத்தல. அவங்க கத்தற ஜாதியில்ல. "நான் வேண்டாம்னு சொன்னது உன் காதுல விழுந்துச்சுதானே?" அப்படின்னு மட்டும் கேட்டாங்க. விழுந்துச்சு மமான்னா. அப்புறம் அவங்க என் பக்கம் திரும்பி என் கையப் பிடிச்சுக்கிட்டாங்க. "ஒரு வாரம் வெயில்ல கிடந்தீங்க பிலோமின். உங்க உழைப்பெல்லாம் வீணாப் போச்சு. மன்னிச்சிடுங்க."

என்கிட்ட மன்னிப்புக் கேட்டாங்கம்மா. திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி உட்கார்ந்திருந்தேன். பரவாயில்ல மதாம், சின்னப் பொண்ணு, தெரியாம செஞ்சிட்டான்னு சொன்னேன். அந்த வார்த்தை என் வாயில எப்படி வந்துச்சுன்னு இன்னிவரைக்கும் தெரியல. ராத்திரி படுத்தா அதுதான் காதுல கேக்குது, சின்னப் பொண்ணு, தெரியாம செஞ்சிட்டா. வெட்கம் பிடுங்கித் தின்னுது.

சமையக்கட்டு கைமாறல. எப்படி மாறும்? யாரும் அதைப் பத்திப் பேசவும் இல்ல. பேசாமலேயே விட்டுட்டாங்க, அதான் இன்னும் மோசம்.

அன்னிக்கு நான் கிளம்பறப்ப நத்தாலி வாசல் கேட்டு வரைக்கும் வந்தா. திட்டுவான்னு பார்த்தேன். திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும். ஆட்டோ வந்துச்சு, பையைத் தூக்கி உள்ள வச்சா. வச்சுட்டு, "பிள்ளைய வாங்கறப்பவே உன் கையில அந்த எண்ணெய் வாசனை தெரிஞ்சுதும்மா. நீ சொல்லுவேன்னு பார்த்தேன்"னா. அவ்ளோதான் சொன்னா. போயிட்டா.

ஏன்டி நீ முந்திக்கிட்டே, ஒரு நிமிஷம் பொறுத்திருந்தா நானே சொல்லியிருப்பேனேன்னு மறுநாள் போன்ல கேட்டேன். போன் கட்டாயிடுச்சு. நெட்டு கிடைக்கலையோ என்னமோ. பொறுத்திருந்தா நான் கண்டிப்பா சொல்லியிருப்பேன். அவளுக்கு எப்பவும் அவசரம். சின்ன வயசுலயே அப்படித்தான்.

இது எந்த ஊரு, கடலூரா? டீ சாப்பிடறியா? வேண்டாமா. சரி, எனக்கும் வேண்டாம், பாவசங்கீர்த்தனத்துக்கு முன்னாடி வயித்தக் காலியா வச்சுக்கறது நல்லது.

ஒரு வருஷம் ஓடிப்போச்சே, அப்பவே போகாம இப்ப என்ன அவசரம்னு கேக்கற. சொல்றேன். போன வாரம் மதாம் எனக்குப் போன் பண்ணாங்க. அவங்களா பண்ணாங்க. "பிலோமின், சித்திரை வந்துடுச்சு. வதுவான் செய்யணும். எனக்கு முட்டி முடியல. இவளை நம்பிக் கொடுக்க பயமா இருக்கு. உங்க கை சுத்தமான கை. நீங்க வந்து செஞ்சு தர்றீங்களா?"

நான் என்ன பண்ணுவேன்? மாட்டேன்னா ஏன்னு கேப்பாங்க. போனேன். இந்தத் தடவை அவங்க சொன்ன சொல்லை மீறல. ஒரு சொட்டு எண்ணெய் இல்ல. இடிச்சேன், பிசறினேன், காயப்போட்டேன். அளவும் நானே போட்டேன், நத்தாலியைப் போட விடல அவங்க. எனக்குச் சங்கடமாத்தான் இருந்துச்சு. அவளே போடட்டுமே மதாம்னு ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். கொஞ்சம் மெதுவாத்தான் சொன்னேன், அவங்க காதுல விழல போல.

முந்தாநாள் முட்டி வலியோட, ரெமி கையப் பிடிச்சுக்கிட்டு, மாடிக்கே ஏறி வந்துட்டாங்க பார்க்கறதுக்கு. ஒரு கை அள்ளிப் பார்த்தாங்க, உதிர்த்துப் பார்த்தாங்க, தலையாட்டினாங்க. நத்தாலி பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு படிக்கிட்ட நிக்கறா. மதாம் அவளைத் திரும்பிப் பார்த்து, கோவமா இல்ல, அன்பாத்தான் சொன்னாங்க. "உங்கம்மாவைப் பார்த்துக் கத்துக்கோ, நத்தாலி."

"சரி, மமான்"னா.

என்னைப் பார்த்தா. நான் குனிஞ்சு பாயில வெங்காயத்தைக் கிளறிக்கிட்டு இருந்தேன். இப்பவாவது சொல்லுன்னு யாரோ பிடரியில கை வச்சு அழுத்தற மாதிரி இருந்துச்சு. மதாமுக்கு மூச்சு வாங்குது, இவ்ளோ படி ஏறி வந்திருக்காங்க, அந்த நேரத்துலயா சொல்றது? இறங்கட்டும்னு விட்டேன். இறங்கினப்புறம் சாப்பாட்டு நேரம். சாப்பாட்டு நேரத்துல யாராச்சும் வயித்தால போன கதையப் பேசுவாங்களா?

அன்னிக்கு ராத்திரி தூக்கமே இல்ல. அப்பதான் முடிவு பண்ணேன், போயி ஒரு சாமியார்கிட்ட கொட்டிடணும்னு. மாதா கோயில்ல எங்கெங்கயோ இருந்து வந்து சொல்றாங்க, என்னை யாருக்குத் தெரியும்? அவர் என்ன தண்டனை கொடுத்தாலும் செய்யறேன். முட்டி போட்டு நடக்கச் சொன்னாலும் நடக்கறேன். நத்தாலி மனசு எளகணும்னு மாதாகிட்ட தனியா ஒரு மெழுகுவத்தி ஏத்தணும். அவளுக்கு என் மேல என்ன இவ்ளோ வைராக்கியம்னு தெரியல, ஒரு வாரமா அந்த வீட்டுலதான் இருக்கேன், சாப்பிட வாம்மாங்கறதைத் தவிர ஒரு வார்த்தை பேசலியே.

என்னம்மா கேட்ட? மதாம்கிட்டயா? 

சொல்லலாம். சொல்லணும்தான். சொல்ல மாட்டேன்னு நான் சொன்னேனா? இந்த வதுவான் நல்லபடியா காஞ்சு வரட்டும். இப்பப் போய்ச் சொன்னா அத்தனையும் தூக்கிக் கொட்டிடுவாங்க, நான் அளந்து போட்டதாச்சே, சந்தேகம் வராதா? அப்புறம் அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்.

இதோ சிதம்பரம் வந்துடுச்சு பாரு, கோபுரம் தெரியுது. பையை எடுத்துக்கோ. காயப்போட்டதை விட்டுட்டு எப்படி வந்தேன்னு நெனைக்காத, இன்னிக்குக் கடைசி வெயில், கை பட வேண்டிய வேலை எதுவுமில்ல. நத்தாலி மாடியில உட்கார்ந்திருக்கா. எதையும் தொட வேண்டாம், காக்கா மட்டும் ஓட்டுன்னு மதாம் சொல்லியிருக்காங்க. பாவம், வெயில் மண்டையப் பொளக்குது. தலையில துணியாவது போட்டுக்கடின்னு சொல்லிட்டுத்தான் வந்தேன்.